பன்னிரண்டு பால் டின்னும் ஒரு பல்வலி இன்ஸ்பெக்டரும்

அட்டைமேட்டு முச்சந்திக் கடையின் முன்னால் பெரியதம்பி காரை நிறுத்தியபோது மணி ஒன்றரை. நிறுத்தினான் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. அந்தப் பழைய கார் தானாகத்தான் நிற்கும், தானாகத்தான் கிளம்பும். இடையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவதுதான் அவன் வேலை.

பின் சீட்டிலிருந்து சற்குணம் இறங்கி வெள்ளைக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். மலாக்கா கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். நீதிபதி ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும், கூண்டில் நிற்பவன் தமிழில் முனகுவதை ஆங்கிலத்திலும் சொல்லிச் சொல்லி அவருக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. ஏமாற்று வேலைக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களையெல்லாம் சேர்க்கிற வியாதி. ஃபோர்ஜர், குவாக், ஹம்பக், ஸ்விண்ட்லர், இம்போஸ்டர் என்று வெள்ளைக்காரன் ஆளுக்கொரு பேர் வைத்திருக்க, நம் ஜனங்கள் 'டூப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்களே என்று அவருக்குத் தாங்காத வருத்தம்.

ஓய்வு பெற்ற மறுநாளே ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். பக்கத்துக்கு ஒரு சொல். துப்பறிந்து பிடிக்கிற ஆளின் பெயரைச் சரியான பக்கத்தில் எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். புக்கிட் காத்திலில் பன்னீரை ஊசியில் ஏற்றிக் காய்ச்சலுக்குப் போட்டவர் 'குவாக்' பக்கத்தில் இருந்தார். மரவள்ளிக் கிழங்கில் முத்திரை செதுக்கி அடையாளக் கார்டு அடித்தவர் 'ஃபோர்ஜர்' பக்கத்தில். வாய் கிழியப் பேசியே குருபோங்கில் மூன்று கல்யாணங்களுக்குத் தலைமை தாங்கியவர் 'ஹம்பக்'. ஒரு பக்கம் மட்டும் மூன்று வருஷமாகக் காலி. அதன் தலைப்பு 'பிளஃப்'. கையில் ஒன்றுமில்லாமலே எல்லாம் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வது என்று அதன் கீழே சின்ன எழுத்தில் குறித்திருந்தார்.

இவ்வளவு சேர்த்தவர் தாமாக ஒரு பொய் சொன்னதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று முப்பது வருஷம் தினமும் சத்தியம் செய்த வாய், ஓய்வுக்குப் பிறகும் அந்தச் சத்தியத்தை விடவில்லை. அதனால் துப்பறியும் தொழிலில் பொய் சொல்லும் இலாகா முழுவதும் பெரியதம்பியிடம் வந்து சேர்ந்தது. ஜாசினில் காப்பிக்கடையில் பத்து வருஷம் காப்பி ஆற்றியவன் அவன், வாய்க்குப் பஞ்சமில்லை.

கடைக்காரர் ரங்கசாமி வாசலுக்கே ஓடி வந்தார்.

"நேத்து மூணு மணிக்கு வந்தான்யா. வெள்ளக் கால்சட்டை, கோட்டு, தொரைங்க போடுற தொப்பி. சைக்கிள்ல வந்தான். ஒரு கன்னம் வீங்கி, துணி சுத்தியிருந்தான். பல்வலியாம். கவர்மெண்டு சிங்கம் போட்ட காகிதம் ஒண்ண நீட்டி, எமர்ஜென்சி, டின் செக்கிங்னான். பன்னெண்டு பால் டின்னை எடுத்துக் கட்டச் சொன்னான்."

"நீங்க கட்டிக் குடுத்தீங்க," என்றான் பெரியதம்பி.

"சைக்கிள்ல ஏத்தியும் விட்டேன்."

"தள்ளி விடலையாண்ணே?"

ரங்கசாமி தலையைச் சொறிந்தார். "மேடா இருந்துச்சு. கொஞ்ச தூரம் தள்ளினேன்."

சற்குணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "காகிதத்தை வாசிச்சனீங்களோ?"

"இங்கிலீசுல இருந்துச்சுங்க. சிங்கத்தைப் பாத்தேன், போதும்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில ஜாசின்ல போய்க் கேட்டா, அப்படி ஒரு இன்ஸ்பெக்டரே கிடையாதுங்கிறாங்க. அஞ்சு மணிக்கு ஸ்டேஷன் மாத்தாக்காரனுங்க டின்னு எண்ண வருவானுங்க. பன்னெண்டு கொறஞ்சா, காட்டுல இருக்கிறவனுக்குக் குடுத்துட்டேன்னு என்னையக் கப்பல்ல ஏத்திருவானுங்க. அதுக்குள்ள அவனைப் புடிச்சுக் குடுங்க. கப்பல்ல அவன் போகட்டும்."

அவர் சொன்னதில் மிகை இல்லை. மலாயாவில் எமர்ஜென்சி நடந்த அந்த ஐம்பத்திரண்டாம் வருஷத்தில் தகர டின் என்றால் துப்பாக்கிக்கு அடுத்தபடி. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று, விற்கிற ஒவ்வொரு டின்னிலும் வாங்குகிறவர் கண்ணெதிரே ஆணியால் ஓர் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. ஓட்டை போட்டது இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டில் பதுக்க முடியாது. உத்தரவை மீறினால் ஜெயில், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்.

சற்குணம் புகாரை எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நோட்டை எடுத்து 'இம்போஸ்டர்' பக்கத்தைத் திருப்பி, 'அட்டைமேடு' என்று எழுதிப் பெயருக்கு இடம் விட்டார். இனி ஆள் கிடைக்கவேண்டியதுதான் பாக்கி.

ரங்கசாமி காப்பி கலந்தார். பெரியதம்பி பழைய தொழில் பாசத்தில் கவனித்துக்கொண்டிருந்தான். அலமாரியில் நாற்பது பால் டின்கள், எல்லாவற்றிலும் முன்கூட்டியே ஓட்டை போட்டு, மேலே துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதுவும் டின்னுக்கு இரண்டு ஓட்டை. காப்பிக்கடைக்காரன் மனசுக்கு இதமான காட்சி. ஒற்றை ஓட்டையில் பால் இறங்காது, காற்று போக இன்னொன்று வேண்டும்.

"முன்னாடியே குத்தி வச்சிட்டீங்களாண்ணே?"

"வேல முடிஞ்சு ஒரே நேரத்துல அம்பது பேரு வருவாங்க. ஒவ்வொண்ணா குத்திக்கிட்டிருந்தா முடியுமா? ஜனங்களுக்கு ஒரு சௌகரியம்லா."

சொல்லிக்கொண்டே ரங்கசாமி குனிந்து, கல்லாவுக்குக் கீழிருந்து வேறொரு டின்னை எடுத்தார். அது தண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் நின்றது, கிண்ணத்தைச் சுற்றி எறும்புகள் கரையோரம் தவித்துக்கொண்டிருந்தன. கெட்டியான பால், கெட்டியான காப்பி. பெரியதம்பி கண்ணை மூடிக் குடித்தான்.

"வந்தவனுக்கு நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?" என்று சற்குணம் கேட்டார்.

"ஒரு ஆரஞ்சு. அதிகாரியாச்சேன்னு. கத்தி கேட்டு வாங்கித் தோலைச் சீவினான். அப்புறம் திங்காம பைல போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

"பல்லு வலிக்கிற மனுசன் ஆரஞ்சை எதுக்குச் சீவுறான்?" என்றான் பெரியதம்பி. "பல்லுக்குக் காட்டி ஏங்க வைக்கவா?"

சற்குணம் அதற்குள் குனிந்து குப்பைக் கூடைக்குள் கையை விட்டிருந்தார். சுருள் கம்பிபோல் நீளமான ஒற்றைத் தோல் அவர் விரலில் தொங்கியது.

* * *

காரில் அந்தத் தோலை முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு சற்குணம் கேட்டார். "நீர் ஆரஞ்சு உரிச்சால் எப்பிடி உரிப்பீர்?"

"நகத்தால பிச்சுப் பிச்சு. நாலு துண்டு வாயில, ரெண்டு சட்டையில."

"இதைப் பாரும். ஒரே அகலம். நுனியிலயிருந்து அடி வரைக்கும் பிசிறு கிடையாது. வெள்ளை நாரில கத்தி படவே இல்ல. இடப்பக்கம் மேல துவங்கி வலப்பக்கம் கீழ இறங்கியிருக்கு. எங்கயாவது கண்டிருக்கிறீரோ?"

பெரியதம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தவன் சாலையோரம் பார்த்தான். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் இடப்பக்கம் மேலே துவங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சாய்ந்த வெட்டு, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெலிசாகச் சீவின வெட்டு. ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்று அவனைப் பார்த்தன.

"அட," என்றான். "பால்வெட்டுக்காரன்."

"கோட்டும் தொப்பியும் இரவல் வாங்கலாம் காணும். கையை இரவல் வாங்கேலாது. கதைக்கிறதுக்கும் நடக்கிறதுக்கும் யோசிச்சு வந்தவன், ஆரஞ்சை உரிக்கிறதுக்கு யோசிக்கேல்ல."

அடுத்த தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் கங்காணி சுப்பன் இருந்தார். தோட்டத்து மரமெல்லாம் அவர் பேரன் பேத்திகள் என்பதுபோல் பேசுகிறவர். சற்குணம் தோலை நீட்டியதும் அவர் அதை இரண்டு விரலுக்கிடையில் வைத்து நுனியிலிருந்து அடிவரை உருவிப் பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"என்னாத்துக்குக் கேக்குறீங்க?"

சற்குணம் இருமினார். அது இலாகா மாற்றத்துக்கு அடையாளம்.

"பரிசு குடுக்கத்தான் கங்காணி," என்றான் பெரியதம்பி கூசாமல். "மலாக்கால ஆரஞ்சு உரிக்கிற போட்டி. இவரு தலைவரு. மொதப் பரிசு வாங்கின ஆளு பேரைச் சொல்லாமப் போயிட்டாங்க."

"பேரு என்னாத்துக்கு? இந்தக் கை ஜாசின் வட்டாரத்துலயே ஒண்ணுதான் இருக்கு. போன வருசம் வெட்டுப் போட்டியில கப்பு வாங்கின கை. மூணு தோட்டத்து ஆம்பளைங்களும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனானுங்க."

"ஆம்பளைங்களும்னா?"

"நம்ம முனியாயி. ஏழாம் லயம்."

பெரியதம்பிக்குப் பேச்சு நின்றுபோனது. அவன் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. சற்குணம் தோலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பல்வலி எண்டது மீசை இல்லாத முகத்தை மறைக்க," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

* * *

தொழிலாளர் வீட்டு வரிசையான ஏழாம் லயத்துக்குள் போவதற்குள் முள்வேலிக் கேட்டில் இரண்டு தடவை அடையாளக் கார்டைக் காட்ட வேண்டியிருந்தது. முனியாயி வாசலிலேயே நின்றாள். முப்பது வயசு இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. தோய்த்துக் கொடியில் போட்ட வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"யாரு உடுப்பு பிள்ளை?" என்றார் சற்குணம்.

"தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியோடதுங்க. அவுங்க வீட்டுத் துணியெல்லாம் நான்தான் தோய்க்கிறேன்."

"தொப்பியும் தோய்ப்பீங்களாக்கா?" என்றான் பெரியதம்பி.

அவள் முகம் வெளுத்தது. சின்னப் பெண் இவர்களை நிமிர்ந்து பார்த்து, "அம்மா ஆரஞ்சு கொண்ணாந்தாங்க," என்றாள். முனியாயி அவள் வாயைப் பொத்தினாள். பொத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் ஒதுங்கி வழி விட்டாள்.

கட்டிலுக்கு அடியில் சாக்கு. சாக்குக்குள் பதினொரு டின். பன்னிரண்டாவது, மேல்தகடு முழுக்க வெட்டித் திறந்தபடி ஜன்னலோரம் இருந்தது.

"புடிச்சுக் குடுக்கத்தான் வந்திருக்கீங்க, தெரியும்," என்றாள். நிறுத்தாமல் பேசினாள். "குடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பாலை ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுக் குடுங்க."

பெரியதம்பி டின்னை எடுத்தான். காப்பிக்கடை விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தான். இனித்தது. ஆனால் நாக்கில் ஒட்டியது, இழுத்தால் பசை மாதிரி வந்தது, கடைசியில் தொண்டையில் ஒரு கசப்பு. அவன் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது.

"மரவள்ளி மாவுக் கஞ்சி ஐயா. சக்கரின் போட்டுக் காய்ச்சினது. இதுல பாலு சொட்டுகூட இல்ல," என்றான்.

முனியாயி மாடத்திலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். மேலே சிங்கம். ரங்கசாமி பார்த்துப் பயந்த அதே சிங்கம். ஆஸ்பத்திரிச் சீட்டு அது. எட்டு மாசக் குழந்தை, எடை குறைவு, ஊட்டம் போதவில்லை, பால் கொடுக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைச் சற்குணம் வாய்விட்டு வாசித்தார். வாசிக்கும்போதே அவர் குரல் இறங்கியது.

"எனக்குப் பாலு வத்திப் போச்சுங்க. மூணு மாசமா அந்தக் கடையிலதான் டின்னு வாங்கிக் கரைச்சுக் குடுத்தேன். புள்ள நாளுக்கு நாளு சுருங்குது. கிராணிகிட்ட சொன்னேன், உனக்குக் கரைக்கத் தெரியலன்னு சிரிச்சாரு. டின்னைக் கொண்டுபோய்க் காட்டலாம்னா, நீயே பாலை ஊத்திட்டுக் கஞ்சியை ஊத்திக் கொண்டாந்தியான்னு கேப்பாங்க. ஓட்ட போட்ட டின்னாச்சே. அலமாரியில இருந்து அப்படியே எடுத்தாதான நம்புவாங்க? எடுக்கிறதுக்கு நான் யாரு? அதான் கிராணி துணிய மாட்டிக்கிட்டுப் போனேன். வாயில பஞ்ச அடைச்சுக்கிட்டேன். பயத்துல கை சும்மா இருக்க மாட்டேன்னுச்சு, ஆரஞ்சைச் சீவிட்டேன்."

"கேட்டுல நிக்கிற மாத்தா ஒண்ணும் கேக்கலயா?" என்றான் பெரியதம்பி.

"சல்யூட் அடிச்சான்."

பெரியதம்பி சிரித்துவிட்டான். முனியாயிக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே கண்ணும் நிறைந்தது.

"எடுத்தாந்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. பன்னெண்டு டின்னு ஏதுன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்வேன்? நேத்து ராத்திரியெல்லாம் அதுமேலயே படுத்திருந்தேன். பிடிச்சா காட்டுக்குக் குடுக்கத்தான் வச்சிருந்தேன்பாங்க. கப்பல்ல ஏத்திட்டா இதுங்க ரெண்டையும் யாரு பாப்பா? இவுங்கப்பா செத்து ஆறு மாசம் ஆகுது."

இடுப்பிலிருந்த குழந்தை அந்தக் கேள்விக்குப் பதில்போல் வீரிட்டது. நேற்றிலிருந்து பக்கத்து வீட்டு ஆட்டுப்பால் கிடைத்த தெம்பு குரலில் இருந்தது.

சற்குணம் ஜன்னலோரம் போய் அந்தத் திறந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார், "பெரியதம்பி, இந்த டின்னில எறும்பு இருக்குதோ?"

பெரியதம்பி பார்த்தான். ஜன்னல் கட்டையில் எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. டின் பக்கம் வந்து, மோந்து பார்த்து, மரியாதையாக வளைந்து போனது. சக்கரினுக்கு எறும்பு மயங்காது. பெரியதம்பிக்குக் கடையிலே கண்டதெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தது. நாற்பது டின், டின்னுக்கு இரண்டு ஓட்டை, ஒன்றிலும் எறும்பில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரே ஒரு டின்னுக்கு மட்டும் தண்ணீர்க் கிண்ணக் காவல்.

"கவர்மெண்டு கேட்டது ஒரு ஓட்ட," என்றான் மெதுவாக. "ரங்கசாமி அண்ணன் ரெண்டு போட்டாரு. பால வடிக்க ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு. அதே வழியா கஞ்சிய ஊத்தினாரு. ஓட்ட இருந்தா யாரும் சந்தேகப்படமாட்டாங்க, ஓட்ட இல்லன்னாதான சந்தேகம். தான் குடிக்க மட்டும் நல்ல டின்னு. சௌகரியம்னாரே ஐயா, ஜனங்களுக்கு ஒரு சௌகரியம்னாரே. அந்தக் காப்பியை நான் கண்ண மூடி வேற குடிச்சேன்."

"இந்த அம்மா மூண்டு மாசமா அந்தாளுக்கு முன்னால போய் நிண்டிருக்கிறா," என்றார் சற்குணம். "தொப்பி போட்டுக்கொண்டு போனால் அடையாளம் தெரியேல்ல. முகத்தைப் பார்த்திருந்தாத்தானே தெரியிறதுக்கு."

அவருக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, கண்ணாடியைத் துடைப்பார். இப்போது துடைத்துத் துடைத்துக் கண்ணாடி தேய்ந்துவிடும்போல் இருந்தது.

"ஐயா," என்றான் பெரியதம்பி. "அவரு போலிப் பாலு வித்தாருன்னு சொன்னா, இந்தக்கா போலி இன்ஸ்பெக்டராப் போனதும் வெளிய வரும். ஒருத்தரைப் புடிச்சா இன்னொருத்தரும் மாட்டுவாங்க."

"தெரியும். வாரும், நாலு மணியாச்சு."

* * *

கடைக்குத் திரும்பியபோது நாலரை. வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த பெண்கள் வாசலில் கூட ஆரம்பித்திருந்தார்கள். ரங்கசாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஆளு கெடச்சானா?"

"கண்டனான்," என்றார் சற்குணம். "டின் பன்னிரண்டையும் கண்டனான். எல்லாம் பத்திரமாயிருக்கு."

அவ்வளவும் உண்மை. பெரியதம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான். உண்மையை வைத்தே சமாளித்துவிடலாம் என்று மனுஷர் பார்க்கிறார் என்பது புரிந்தது. ஆனால் ரங்கசாமி விடவில்லை.

"அப்ப அவன் போலிதான?"

 சற்குணம் வாயைத் திறந்தார், மூடினார். இருமுவார், நாம் புகுந்துவிடலாம் என்று பெரியதம்பி காத்திருந்தான். அவர் இருமவில்லை. முப்பது வருஷச் சத்தியம் அவர் தொண்டையில் ஏறி இறங்குவது தெரிந்தது. பெரியதம்பிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"இல்லை," என்றார் சற்குணம், கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற அதே குரலில். "நிஜ இன்ஸ்பெக்டர்தான். கோலாலம்பூரிலயிருந்து இரகசியமா வந்தவர். அதாலதான் ஜாசினில ஒருத்தருக்கும் தெரியேல்ல. டின்களுக்குள்ள என்ன இருக்கு எண்டு சோதிக்கச் சிங்கப்பூருக்கு அனுப்பியாச்சு."

ரங்கசாமி பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"அது போகட்டும்," என்று சற்குணம் பையிலிருந்து புகாரை எடுத்தார். ஒரு தடவை தாண்டியதும் அவருக்கு வழி பழகிவிட்டது. "நிஜ அதிகாரியைப் போலி எண்டு நீங்கள் கையெழுத்து வச்சுத் தந்திருக்கிறீங்கள். எமர்ஜென்சியில அது தனிக் கேஸ். இதை நான் அஞ்சு மணிக்குச் சார்ஜென்டிட்டக் குடுக்கட்டோ?"

"ஐயா, கிழிச்சுப் போட்டுருங்க ஐயா."

"கிழிச்சாப் போதாதுண்ணே," என்றான் பெரியதம்பி, இலாகா தன்னிடம் திரும்பி வந்த குஷியில். "மாத்தி எழுதிக் குடுங்க. இன்ஸ்பெக்டருன்னு யாரும் வரல. பன்னெண்டு டின்னு கெட்டுப்போச்சு, நானே எடுத்துட்டேன். அப்படி."

ரங்கசாமி எழுதினார். எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோழிபோல் இருந்தது. சற்குணம் வாசித்துப் பார்த்து, "டின் கெட்டது எண்டது உண்மைதான்," என்று தமக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு மடித்து வைத்தார். பழைய புகார் அடுப்புக்குள் போனது. அந்த நிமிஷத்தோடு முனியாயி என்ற இன்ஸ்பெக்டர் உலகத்திலேயே இல்லாமல் போனாள்.

மூட்டையிலிருந்து எழுந்த ரங்கசாமி அலமாரிக்குப் போய் டின்களை அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தார்.

"ஏண்ணே எறக்குறீங்க? ஜனங்க வாங்க வந்திருக்காங்க."

"இன்னைக்கு விக்கலப்பா."

"ஜனங்களுக்குச் சௌகரியமா இருக்கட்டும், வைங்க," என்று பெரியதம்பி சாக்கைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனியாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் ஜீப் வந்து நின்றது.

மலாய்க்காரச் சார்ஜென்ட் டின்களை எண்ணினார். நாற்பது. பன்னிரண்டு எங்கே என்றார். சற்குணம் காகிதத்தை மலாயில் மொழிபெயர்த்தார், ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல். எப்படிக் கெட்டது என்று சார்ஜென்ட் கேட்டார். ரங்கசாமி சாக்கின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு சற்குணத்தைப் பார்த்தார்.

"நான் காட்டுறேன் துவான்," என்றான் பெரியதம்பி.

கல்லாவின் மேல் இரண்டு கரண்டி வைத்தான். அலமாரி டின்னிலிருந்து ஒன்று, கிண்ணத்து டின்னிலிருந்து ஒன்று. பிறகு கிண்ணத்துத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். சார்ஜென்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வாசலில் நின்ற நாற்பது பெண்களும் குனிந்து பார்த்தார்கள். எறும்புகள் கல்லாவின் கால் வழியாக ஏறின. முதல் கரண்டி வழியில்தான் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போயின. இரண்டாவது கரண்டி ஒரு நிமிஷத்தில் கறுத்துவிட்டது.

பின்னால் நின்ற ஒருத்தி முதல் கரண்டியை எடுத்து நக்கிப் பார்த்தாள். "இது கஞ்சிடி," என்றாள். அந்த ஒரு சொல் வாசலைத் தாண்டி முச்சந்தி வரை போனது. அதற்கப்புறம் சார்ஜென்ட் ரங்கசாமியை ஜீப்பில் ஏற்றியது கைது செய்யவா, காப்பாற்றவா என்று சொல்வது கஷ்டம். நாற்பது டின்னும் அவரோடு ஜாசினுக்குப் போயின, மூன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சாட்சியாக.

* * *

முனியாயியிடம் சேதி சொன்னபோது அவள் குழந்தையைத் தூக்கிச் சற்குணத்தின் கையில் வைத்தாள். பிள்ளை தூக்கிப் பழக்கமில்லாத மனுஷர் அதைச் சாட்சிப் பத்திரம்போல் இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியதம்பி பதினொரு டின் கஞ்சியையும் சாக்கடையில் ஊற்றி, தகடுகளை வெட்டி எடுத்துவிட்டு வந்தான். நாளைக் காலையில் அந்தக் காலி டின்கள் அவள் பால் வெட்டும் மர வரிசையில் மரத்துக்கு ஒன்றாகத் தொங்கி, ரப்பர் பால் பிடிக்கும். டின்னுக்கு ஒருவழியாக நிஜப் பால்.

கார் தானாகக் கிளம்பியது. பின் சீட்டில் நோட்டைப் புரட்டும் ஓசை கேட்டது.

"ரங்கசாமிய எதுல போடுறீங்க?"

"'கவுண்டர்ஃபீட்'. கள்ளச் சரக்கு. பொருத்தமா இருக்கு."

"'இம்போஸ்டர்' பக்கத்துல பேருக்கு இடம் விட்டீங்களே?"

பேனா கீறும் சத்தம். "'அட்டைமேட்டை' அடிச்சுப்போட்டன். அப்பிடி ஒருத்தரும் வரேல்ல எண்டு எழுத்தில இருக்கு."

பெரியதம்பி கண்ணாடியில் பார்த்தான். சற்குணம் நோட்டை மூடவில்லை. பக்கங்களைத் தள்ளித் தள்ளி, மூன்று வருஷமாகக் காலியாகக் கிடந்த பக்கத்துக்கு வந்திருந்தார்.  பிறகு 'பிளஃப்' என்ற தலைப்புக்குக் கீழே, தெளிவான கோர்ட்டுக் கையெழுத்தில் தேதியைப் போட்டு, 'சற்குணம், ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதினார்.

பெரியதம்பிக்குக் கேலி செய்ய பத்து வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க ஐயா," என்று மட்டும் சொன்னான்.

 சரியான பக்கத்தில் சரியான பேர் விழுந்துவிட்டது. ஜாசின் வருவதற்குள் பின் சீட்டிலிருந்து குறட்டை கேட்டது.